தலைப்பெழுத்து

ஒரே ஆளின் விவரம் இரண்டு இடங்களில் கிடப்பது எனக்குப் பிடிக்காது. வீட்டில் செருப்புகூட அதனதன் இடத்தில்தான் இருக்க வேண்டும். நீங்கள் கேட்பதால் சொல்கிறேன். மறைக்க என்னிடம் எதுவும் இல்லை.

எங்கள் மருத்துவமனை இன்னொரு மருத்துவமனையை வாங்கியது. இரண்டு இடத்து நோயாளிகளின் விவரங்களையும் கணினியில் ஒன்றாக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. எவையெவை ஒத்துப்போனால் இருவரையும் ஒரே ஆளாகக் கொள்வது என்று முதலில் சொல்ல வேண்டும். ஒத்துப்போனால், வாங்கிய இடத்து விவரம் எங்கள் விவரத்தின் மேல் எழுதப்படும்; எங்களுடையது அழியும். இல்லையென்றால் புது ஆளாகச் சேரும். தலைப்பெழுத்து, பெயர், பிறந்த தேதி மூன்றையும் குறித்து வைத்திருந்தார்கள். நான் தலைப்பெழுத்தை எடுத்துவிட்டேன்.

பக்கத்து இருக்கைப் பெண் எட்டிப் பார்த்தாள். வாய் ஓயாதவள், ரேடியோ என்றுதான் கூப்பிடுவோம்.

"சார், இனிஷியலை ஏன் தூக்கிட்டீங்க? ஒரே பேர், ஒரே பொறந்த தேதின்னு ரெண்டு பேர் இருந்தா ஒருத்தி மேல இன்னொருத்தி ஏறி உக்காந்துடுவாளே."

"பாதிப் பேர் முன்னாடி போடறாங்க, பாதிப் பேர் பின்னாடி போடறாங்க. அதை வெச்சு என்னம்மா பொருத்தம் பாக்கறது?"

"தலைப்பெழுத்தை அழிச்சா தலையெழுத்தே மாறிடும் சார்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

என் மகள் எங்கள் மருத்துவமனைக்குத்தான் வந்து போவாள் என்பது ரேடியோவுக்குத் தெரியாது. என்னைக் கேளாமல் ஒருவனைக் கட்டிக்கொண்டவள். இருவரும் வாசலில் வந்து நின்றபோது நான் குரலை உயர்த்தவில்லை. "என் எழுத்தை இங்கேயே வெச்சுட்டுப் போ" என்றேன்.

"அது நீங்க குடுத்ததுப்பா. திருப்பிக் கேக்க அது என்ன கைமாத்தா?" என்றாள்.

வைத்துவிட்டுப் போகவில்லை. வெளிநோயாளிகள் கூடத்தில் ஒலிபெருக்கி என் எழுத்தைச் சேர்த்து அவளைக் கூப்பிடும். அவளோடு அவனும் எழுந்து வருவான். மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். நாலு பேர் முன்னால் தலைகுனியாத குடும்பம் எங்களுடையது.

சோதனை ஓட்டத்தில் அவளும் முன்பின் தெரியாத ஒருத்தியும் ஒன்றாகியிருந்தார்கள். அதே பெயர், அதே தேதி. என் மகளின் பெயருக்கு முன்னால் வேறு யாரோ ஒருவருடைய எழுத்து நின்றது. அன்று மதியம் வயிறாரச் சாப்பிட்டேன்.

அவளுடைய பழைய விவரத்தில் ஒரு சிவப்பு வரி உண்டு. ஒரு மருந்து அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. சின்ன வயதில் அந்த ஊசியைப் போட்டு முகம் வீங்கி மூச்சு முட்டியபோது, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவன் நான். அந்த வரியை எழுத வைத்தவனும் நான்தான். மற்றவளுக்கு அந்த இடம் காலி. 'வருவது காலியாக இருந்தால் பழையதை விட்டுவை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டிருந்தது. எடுத்தேன். பிறகு நிஜ ஓட்டத்தை ஓட்டினேன்.

மற்ற நோயாளிகளின் கதி என்ன என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. தவறாக ஒன்றான மற்றவர்களை எல்லாம் ஒவ்வொருவராகப் பார்த்து, நானே பிரித்துச் சரிசெய்தேன். அழிந்த சிவப்பு வரிகளைத் திரும்ப ஏற்றினேன். ஒரு வரியைத் தவிர. கவனக்குறைவு என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

சாலையில் அடிபட்டு நினைவில்லாமல் கிடந்தவளை யாரோ கொண்டுவந்து சேர்த்தார்கள். கைப்பையில் எங்கள் மருத்துவமனை அட்டை இருந்தது. செவிலியர் அதிலிருந்த எண்ணைத் தட்டிப் பார்த்தார். திரையில் சிவப்பாக எதுவும் இல்லை. அதே ஊசியைப் போட்டார். அவர் மேல் பிசகில்லை; அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

அவளைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. என்னுடையதை எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் பாக்கி. இறப்புச் சான்றிதழுக்கு அவன் விவரம் கொடுத்தபோது, அவள் பெயருக்கு முன்னால் மறுபடியும் என் எழுத்தைப் போட்டிருக்கிறான். அதைத் திருத்த நான் யாரிடம் மனு கொடுக்க வேண்டும்?