பகல் பக்கத்தில் கோடு இல்லாதது பற்றி

என் பெயரும் விலாசமும் முதல் தாளில் எழுதியிருப்பது சரி. வயது அறுபத்து நான்கு. ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். வாசிக்கவும் எழுதவும் தெரியும். கணவர் காலமாகிவிட்டார். மகன், மருமகள், பதினொரு மாதப் பேத்தி ஆகியோருடன் வசிக்கிறேன். யாரும் சொல்லிக்கொடுத்து நான் இந்தக் காவல் நிலையத்துக்கு வரவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லாததால் மடியில் வைத்துக்கொண்டே சொல்கிறேன்.

பேத்தி பிறக்கும்போது கொடி கழுத்தில் சுற்றியிருந்தது. அவள் அழுவதற்கு ஏழு நிமிடம் ஆனது. மூளையில் அடிபட்டிருக்கிறது என்றார்கள். நடப்பாளா, பேசுவாளா என்று கேட்டதற்கு டாக்டரம்மா "பார்ப்போம்" என்றார். அதன் பிறகு மாதாமாதம் போகிறோம், மாதாமாதம் அதையேதான் சொல்கிறார். இன்னும் தலை நிற்கவில்லை. ஒரு வேளை பால் புகட்ட ஒரு மணி நேரம் ஆகும். அதில் பாதி என் புடவையில் இருக்கும்.

மகன் லாரி ஓட்டுகிறான், வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பான். மருமகள் துணி வெளுக்கும் கம்பெனியில் இஸ்திரி போடுகிறாள். காலை ஏழிலிருந்து மாலை நாலு வரை குழந்தை என்னிடமும், அதன் பிறகு மறுநாள் காலை வரை அவளிடமும் இருக்கும்.

ஏழாம் மாதத்தில் வலிப்பு வர ஆரம்பித்தது. இரண்டு கையும் விறைத்து, கண் மேலே செருகி, பிறகு தானே விடும். டாக்டரம்மா ஒரு நோட்டுப் போடச் சொன்னார். ஒவ்வொரு முறை வரும்போதும் மணி எழுதி ஒரு கோடு போட வேண்டும், அதைப் பார்த்துத்தான் மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் என்றார். மருமகள் ஸ்கேல் வைத்துப் பக்கங்களை இரண்டாகப் பிரித்தாள். இடது பக்கம் பகல், அது எனக்கு. வலது பக்கம் அவளுக்கு.

முதல் நாள் நான் இரண்டு கோடு போட்டேன். மாலையில் மருமகள் வந்து பார்த்துவிட்டு, "என்ன குடுத்தீங்க அத்தை? எப்படிப் படுக்க வச்சிருந்தீங்க?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை. ஆனால் நான் மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அதன் பிறகு பகல் பக்கத்தில் நான் ஒரு கோடும் போடவில்லை. வலிப்பு வராமல் இல்லை. சில நாள் ஒன்று, சில நாள் மூன்று வந்தது. வாயைத் துடைத்து, சட்டையை மாற்றி, நாலு மணிக்குள் பவுடர் போட்டு வைத்துவிடுவேன். "உங்கம்மா வர்றதுக்குள்ள முடிச்சிட்டியா, சமத்து" என்று குழந்தையிடம் சொல்லியும் இருக்கிறேன்.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா நோட்டைப் பார்த்து, "முதல் நாளுக்கு அப்புறம் பகல்ல ஒண்ணுகூட இல்லையே! பாட்டிக்கு நல்ல கைராசி" என்றார். மருமகள் சிரித்துக்கொண்டு, "எங்க அத்தைன்னா வலிப்புக்கே பயம் டாக்டர். நானே பயப்படறேனே" என்றாள். அங்கே குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு, மருமகளிடம் இருக்கும்போது வந்த வலிப்பு விடவே இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே புதிதாக வந்திருந்த பெரிய டாக்டர் நோட்டை வாங்கி எண்ணினார். நாலு மாதத்தில் வலது பக்கம் தொண்ணூற்று மூன்று கோடு, இடது பக்கம் இரண்டு. "உங்க நேரத்துல மட்டும் எப்படிம்மா வருது?" என்று மருமகளைக் கேட்டார். அவள் "தெரியல சார்" என்றாள். நான் பால் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.

அதன் பிறகு பெரிய டாக்டர் தகவல் சொல்லி இந்த நிலையத்திலிருந்து நீங்கள் வந்தீர்கள். விசாரணை முடியும்வரை தாய் குழந்தையோடு இருக்கக் கூடாது என்று சொல்லி, வியாழக்கிழமை குழந்தையை என் கையில் கொடுத்தீர்கள். மருமகள் தன் அக்கா வீட்டுக்குப் போனாள். சண்டை போடவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "எட்டு மணி மருந்த மறந்துடாதீங்க அத்தை. கழுத்துக்குக் கீழ துண்ட மடிச்சு வைங்க" என்றாள். அதன் பிறகு மகன் வழியிலிருந்து போன் செய்து, "அம்மா, அவ ஏதாவது பண்றாளா? எங்கிட்டயாவது சொல்லு" என்றான். "எனக்கென்னப்பா தெரியும்" என்று சொல்லிவிட்டேன்.

நேற்றுக் காலை மருந்துச் சீட்டைத் தேடும்போது, ஆஸ்பத்திரியில் நகல் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்திருந்த அந்த நோட்டைப் பிரித்தேன். கடைசித் தாளில் மருமகள் பென்சிலால் எழுதியிருந்தாள். எழுத்துக் கூட்டி வாசித்தேன். "அத்தை இடது தோளில் சாய்த்துக்கொள்கிறார். வலது கை முதுகில். பால் கொடுத்து அரை மணி கழித்தே படுக்க வைக்கிறார். நானும் அப்படியே செய்ய வேண்டும்." அதற்குக் கீழே ஒன்பது தேதிகள். ஒவ்வொரு தேதிக்கும் நேரே, "அப்படியே செய்தேன். வந்துவிட்டது."

மருமகள் குழந்தையை ஒன்றும் செய்யவில்லை. கோடு போடாதது நான். பாதி வலிப்பு தெரியாமல் போனதால் மருந்தைக் கூட்டாமல் விட்டார்களா, அதனால் குழந்தையின் மூளைக்கு இன்னும் கெடுதலா என்று நேற்றே டாக்டரம்மாவைப் போனில் கேட்டேன். அதற்கும் "பார்ப்போம்" என்றார்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது மாலை நாலு இருபதுக்கு என் மடியில் குழந்தைக்கு வலிப்பு வந்தது. எழுதிக்கொண்டிருந்த அதிகாரியம்மா பேனாவைப் போட்டுவிட்டு, "தண்ணி, தண்ணி" என்று எழுந்தார். "தண்ணி வேணாம்மா, ஒருக்களிச்சுப் பிடிச்சா போதும். நீங்க மணியப் பாருங்க" என்றேன். அரை நிமிடத்தில் விட்டது. நோட்டின்படி நாலு மணிக்கு மேல் மருமகளின் நேரம். அவள் இங்கே இல்லை. குழந்தை என்னிடம் இருந்தது.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னதற்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை, ஒன்றும் விடவில்லை. எல்லாம் நடந்தது நடந்தபடி. ரேகை வைக்க மை கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்று கையெழுத்தே போட்டிருக்கிறேன். நோட்டையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். நாலு இருபதுக்கான கோட்டை இடது பக்கத்தில் போட்டிருக்கிறேன்.

(கையொப்பம்)