எந்தத் தீயிலீங்க?

"நாம கடைசியாப் பாத்துக்கிட்டது எந்தத் தீயிலீங்க?" என்று ஒருவர் கேட்டதும்தான் நான் காதைக் கொடுத்தேன். எண்பதுகளில், நாமக்கல்லிலிருந்து ஜேடர்பாளையம் போகிற பேருந்து. முன் சீட்டில் இருந்த இருவரும் பக்கத்துப் பக்கத்து ஊர்த் தீயணைப்பு நிலையக்காரர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"எல்லையோரத்து வைக்கப்போரு பத்துனப்பங்க. ரெண்டு ஊர் வண்டியும் வந்துச்சே."

"ஆமாங்க. அணைச்சுட்டு வேப்பமரத்தடியில ஒண்ணா உக்காந்து மோர் குடிச்சோம்."

"நீங்களும் ரிப்போர்ட் எழுதுனீங்க, நானும் எழுதுனேன். மெட்ராசு ஆபீஸ் கணக்குல அது ரெண்டு தீயாயிருச்சு."

"அதுக்குத்தான இப்ப ஸ்டேஷனுக்கு ஒரு நம்பர் போட்டுட்டாங்க. எந்த நம்பர் எல்லையில பத்துதோ, அந்த வண்டிதான் போகோணும். அவுங்கதான் எழுதோணும்."

"கணக்குச் சரியாப் போச்சுங்க."

"சரியாத்தான் போச்சு. நீங்கதான் வாரதில்லை."

நிறுத்தம் வந்ததும் ஜன்னலோரத்தில் இருந்தவர் எழுந்தார்.

"வாரனுங்க. இனி எப்பப் பாக்கறது?"

"பெருசா ஒண்ணு பத்துனா ரெண்டு நம்பரையும் கூப்புடுவாங்க."

எழுந்தவர் சிரித்தார். படியில் கால் வைத்ததும் திரும்பிப் பார்த்தார்.

"வேண்டாஞ் சாமி. நாம பாக்காமயே இருப்போம்."