வீட்டில் ஒளித்து வைக்கத் தகுந்த வில்லன்

காலை பத்து இருபதுக்கு வினை தொடங்கியது. லிங்கி ஊர்ச் சாலைத் தடுப்பில் போலீசார் பஸ்ஸை நிறுத்தி, யாராவது அரிசி கொண்டுபோகிறார்களா என்று சோதிக்க எங்களை வரிசையில் நிற்க வைத்திருந்தார்கள். எனக்கும் மகளுக்கும் முன்னால் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் பெண்கள் இருவர். புதன்கிழமை ரேடியோவில் வரும் துப்பறியும் நாடகத்தைப் பற்றித்தான் பேச்சு.

“வில்லன்னா அந்த டாக்டருதான்லா. ஒரே ஊசில ஆள முடிக்கிறான்.”

“போடி, அவன் பேசிப் பேசியே கழுத்தறுக்கிறான். கைத்தடிக்காரன் வாயத் தொறக்கிறானா? டொக் டொக்குன்னு சத்தம் வந்தாலே எங்க லயத்துல அத்தன வீடும் கப்சிப்.”

“கொலகாரன் மேல அஞ்சலைக்கு ஆசயப் பாரு!”

“ஆசதான். போலீசு தொரத்துதுன்னு எங்க வீட்டுக்கு வந்தான்னா, சோறு போட்டு கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வைப்பேன்!”

வரிசை மொத்தமும் அடங்கிவிட்டது. காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி சோறு கொடுத்தாலே பிடித்துக்கொண்டு போகிற காலம் அது. அஞ்சலைக்கும் அப்போதுதான் உறைத்தது.

“நாடகம்... ரேடியோ நாடகத்தத்தான் சொன்னேன்” என்றாள், யாரையும் பார்க்காமல்.

நான் மகளின் கையை இறுக்கியதில் அவள் “வலிக்குதும்மா” என்றாள்.

துப்பாக்கியோடு ஒரு தமிழ்க் காவலர் நேராக அஞ்சலையிடம் வந்தார். பையைத் திறக்கச் சொல்லவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அக்கா, போன புதன் எனக்கு டியூட்டிலா. கைத்தடிக்காரன் தப்பிச்சிட்டானா, இல்லியா?”