கடைசி ரெண்டு வருஷம் மட்டும்

இல்லக்கா, நான் டாக்டர் இல்ல. கழுத்துல அட்டை தொங்குதேன்னு கேக்குறீங்க. இதே ஆஸ்பத்திரிதான், கீழ கம்ப்யூட்டர் பிரிவு. உள்ள இருக்கிறது உங்க தம்பின்னு நர்ஸம்மா சொன்னாங்க. உக்காரட்டுமா?

மூச்சு பரவாயில்லையாம். இப்பத்தான் கேட்டுட்டு வந்தேன். குழாய இன்னும் எடுக்கலயாம்.

கம்ப்யூட்டர் கோளாறுன்னு சொன்னாங்களா? யாரு, மேனேஜரா? அவர் நீட்டின தாள்ல கையெழுத்துப் போட்டுட்டீங்களா? சரி, போடல. கொஞ்சம் பொறுங்க, சொல்றேன்.

ஊசி போடறதுக்கு முன்னாடி, அந்த ஆளுக்கு எந்த மருந்து ஒத்துக்காதுன்னு திரையில பாப்பாங்க. பதினாலு வருஷத்துப் பதிவு இருக்கு. ஒரே குவியலா கெடந்தா சமாளிக்க முடியாதுன்னு மாசவாரியா பிரிச்சு வெச்சிருக்கோம். மாசத்துக்கு ஒரு பீரோன்னு வெச்சுக்கங்க. நூத்தி அறுபத்தெட்டு பீரோ. எந்த மாசம்னு சொன்னா கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள எடுத்துக் குடுத்துரும். ஆனா ஊசி போடறவங்களுக்கு மாசம் எப்படித் தெரியும்? ஆளோட நம்பரத்தான் தட்டுவாங்க. அப்ப அது ஒரு பீரோ விடாம குடையும். நாப்பது செகண்ட். அவசரப் பிரிவுல அது சும்மாவா? நின்னு பாக்கப் பொறுமையில்லாம, பாக்காமலே போட ஆரம்பிச்சுட்டாங்க. அதுக்கப்புறம்தான் எங்களப் போட்டு நெருக்கினாங்க.

சரியான வழி இருந்துச்சு. உள்ள யாரோட பதிவு இருக்குன்னு ஒவ்வொரு பீரோ கதவுலயும் பட்டியல் ஒட்டிடறது. இண்டெக்ஸ்னு சொல்லுவோம். ஆள் இல்லாத பீரோவத் தொறக்காமலே தாண்டிரும். எங்க பிரிவுப் பெரியவர் ஒத்துக்கல. அது முடியற வரைக்கும் மத்த வேலையெல்லாம் மந்தமாகும், இப்ப வேணாம், திங்கக்கிழமைக்குள்ள வேற ஏதாவது பண்ணுன்னுட்டாரு.

பண்ணினது ஒரே ஒரு வரிக்கா. கடைசி ரெண்டு வருஷத்த மட்டும் பாருன்னு. இருபத்துநாலு பீரோவோட நின்னுரும். நாப்பது செகண்ட் ஆறா கொறஞ்சுது. ஆறு மாசமா ஒருத்தரும் குறை சொல்லல.

ஆனா திரையில என்ன வரும்? ஒத்துக்காத மருந்து எதுவும் இல்லன்னு வரும். ரெண்டு வருஷத்துக்குள்ள இல்லன்னு வராது. அதான் வினை.

உங்க தம்பி இங்க முன்னாடி எப்ப வந்தாரு? ஆமா, ஒம்பது வருஷம், கால் ஒடிஞ்சு. நான் பதிவுல பாத்தேன். இப்ப போட்ட இதே ஊசிய அப்பவும் போட்டு உடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு முட்டினதுன்னு தெளிவா பதிஞ்சிருக்கு. நீங்களா சொல்லிப் பதிய வெச்சீங்க? ம். செவ்வாக்கிழமை பைக்லருந்து விழுந்து நினைவில்லாம வந்தவர் வாயத் தொறந்து என்னத்தச் சொல்லுவாரு.

அழாதீங்கக்கா. தண்ணி வேணுமா?

நேத்து அந்த வரிய எடுத்தாச்சு. பட்டியலும் ஒட்டியாச்சு. எவ்வளவு நேரம் ஆச்சுங்கறீங்க? நாலு மணி நேரம். இப்ப பதினாலு வருஷமும் ஒரு செகண்டுக்குள்ள வருது.

அந்த வரிய எழுதினது யாரா? பெரியவர் இல்ல. அவர் ஏதாவது பண்ணுன்னு சொன்னதோட சரி. மெஷினயும் குத்தம் சொல்ல முடியாது, எழுதினத அப்படியே செஞ்சுச்சு. எழுதினது நான்தான். மேனேஜர்கிட்ட இதையே எழுதிக் குடுத்துட்டேன், அதோட நகல் இந்தாங்க, பத்திரமா வெச்சுக்கங்க.

மொதல்ல பத்து வருஷம்னு போட்டுத்தான்க்கா பாத்தேன். இருபத்தெட்டு செகண்ட் ஆச்சு. அதான் ரெண்டுன்னு மாத்தினேன்.