செல் அடிக்குது

"செல் அடிக்குது!"

நான் மேசைக்குக் கீழே. முழங்கால் தரையில். வாயைத் திறந்து வைத்திருக்கிறேன். காதைப் பொத்தியிருக்கிறேன். எண்ணுகிறேன். ஒன்று. இரண்டு. மூன்று.

ஒன்றும் விழவில்லை. மேசைமேல் என் போன் பாடிக்கொண்டிருக்கிறது.

இது சென்னை, மந்தைவெளி. பள்ளிக்கூட நூலகம். புதன்கிழமை, பதினொன்றேகால். நான் இங்கே நூலகம் பார்க்கிறவள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பேப்பர்ச் செய்தி படித்துக் கவிதை எழுதிக்கொண்டிருந்தார்கள். இப்போது எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். இந்த ஊரில் செல் என்றால் போன். இலங்கையில், எங்கள் வன்னியில் செல் என்றால் வானத்தால் வந்து விழுகிற குண்டு. இங்கே வந்து எத்தனையோ வருசம். என் முழங்காலுக்கு இன்னும் ஒருத்தரும் சொல்லவில்லை.

கத்தினது ரோஸி. குப்பத்திலிருந்து வருகிற பிள்ளை, தாய் மீன் விற்கிறவள். "இன்னா மிஸ், மயக்கமா?" என்று குனிந்து கை கொடுக்கிறாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

எழும்பி அவள் தாளை வாங்கினேன். எங்கேயோ தூர நாட்டில் நடக்கிற சண்டையைப் பற்றி எழுதியிருந்தாள். "குண்டு மழை பொழிகிறது." எனக்குக் கோபம் வந்தது. மழை எல்லார் தலையிலும் விழும். செல் அப்படியில்லை. முதலில் தூரத்தில் டுப் என்று ஒரு சத்தம். பிறகு நாங்கள் எண்ணுவோம். பிறகு கூவிக்கொண்டு வரும். கூவுகிறது கேட்டால் அது உனக்கில்லை, பக்கத்துப் பங்கர்க் குழிக்கு. அதைக் கேட்டுச் சந்தோசப்பட்டவள் நான். வெட்கமாயிருக்கிறது.

என் தங்கச்சி நிலாவுக்கும் அப்போது பதினைந்து வயசு. பங்கருக்குள் ஒரு கொப்பி வைத்திருந்தாள். நீங்கள் நோட்டு என்பீர்கள். எண்பது பக்கம். றேடியோவில் வேறொரு நாட்டுச் சண்டையைச் சொல்வார்கள். அந்த நாட்டுப் பிள்ளைகளுக்குக் கவிதை எழுதுவாள். எங்கள் தலைக்கு மேலே கூவிக்கொண்டு போகும், இவள் எழுதுவாள். "உனக்கென்ன விசரா, பைத்தியமா?" என்று ஏசினேன். "எங்களுக்கும் எங்கேயோ ஒரு பிள்ளை எழுதுவாள்தானே அக்கா" என்றாள். ஒவ்வொன்றும் முடிய எண்ணிக்கை சொல்வாள். "இது பதினொன்று. வாசிக்கட்டா?" பிறகு கேட்கிறேன் என்றேன். தண்ணி எடுக்கப் போக வேணும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை ஆறு பத்து. மணலில் ஓடுகிறோம். கொப்பி என் பைக்குள். "படு! படு!" யாரோ கத்துகிறார்கள். அந்த முறை கூவவேயில்லை.

எழும்பிப் பார்த்தேன். அம்மா அசையவில்லை. நிலா கண் திறந்திருந்தாள். தூக்க இரண்டு கையும் வேணும். பையை எறிந்தேன். "கொப்பி, அக்கா" என்றாள். "பேசாமல் இரு" என்றேன். அவளிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். எவ்வளவு தூரம் நடந்தேன், தெரியாது. எந்த இடத்தில் பாரமானாள் என்று தெரியும்.

ரோஸி இன்னும் பக்கத்தில் நிற்கிறாள். "மழைன்னு போட்டது தப்பா மிஸ்? மூஞ்சியே ஒரு மாறி கீது."

"ஏன் இதை எழுதினாய்?"

"அங்க எனக்கு யாரையும் தெரியாது மிஸ். நியூஸ்ல ஒரு பொண்ணு ஸ்கூல் பை மாட்டிக்கினு ஓடுனா. சும்மா இருக்க முடில."

"வாசி" என்றேன். வாசித்தாள். நடுவில் மணியடித்தது. பிள்ளைகள் போய்விட்டார்கள். அவள் முடிக்கும்வரை கேட்டேன். மழையும் இருக்கட்டும் என்றேன்.

நான் விட்டுவந்ததை எண்ணிச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். அம்மா. தங்கச்சி. ஒரு வீடு, ஒரு சைக்கிள், இரண்டு மாடு. ஒரு பை. பைக்குள் ஒரு கொப்பி. கொப்பியில் பதினொரு கவிதை. அதில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை.