நகரியில் செத்தவன்

திருத்தணி மலையில் தரிசன வரிசை நகரவே இல்லை. எனக்கு முன்னால் தோளில் காவடியோடு ஒருவர். அவருக்கும் முன்னால் அக்கா தங்கை இரண்டு பேர்.

“நேத்துதான் அவனுக்குக் கல்யாணம். எப்படி சிரிச்சிகினு இருந்தான் தெரியுமா?” என்றாள் தங்கை.

“எங்க நகரியில அவன் செத்து மூணு நாள் ஆச்சு” என்றாள் அக்கா.

காவடிக்காரர் சட்டென்று பின்வாங்கி என் காலை மிதித்தார்.

“ஏம்மா, சாவுத் தீட்டோடயா மலை ஏறி வந்தீங்க?”

“ஐயோ, சீரியலுங்க!” என்றாள் தங்கை. “அக்கா ஆந்திரா பக்கம், நகரியில தெலுங்குல பாக்குது. அதையே தமிழ் பேச வெச்சி எங்க பொதட்டூர்பேட்டைக்கு அப்புறமாத்தான் காட்றான்.”

“அப்ப அவன் செத்துட்டானா, இல்லியா?”

“அங்க செத்துட்டான். இங்க இன்னும் இல்லீங்க.”

அவர் காவடியைத் தோள் மாற்றிக்கொண்டு யோசித்தார். தெளிந்ததாகத் தெரியவில்லை.

“இந்தக் கருமத்தையெல்லாம் பாத்து யாருக்கு இன்னாம்மா பிரயோஜனம்?”

“எங்கம்மா காரியத்துல சண்டை வந்து ரெண்டு வருஷம் நாங்க பேசிக்கலீங்க. கதை மேல எப்படிப் போவுதுன்னு கேக்கத்தான் அக்காவுக்கு மொதமொதல்ல போன் போட்டேன். இப்ப தினம் பேசறோம்.”

அக்கா தரையைப் பார்த்தபடி சொன்னாள்: “வர்ற வெள்ளிக்கிழமையோட எங்க பக்கம் சீரியல் முடிஞ்சிருதாம்.”

வரிசை நகர்ந்தது. அவர்கள் இருவரும் நகரவில்லை.

காவடிக்காரர்தான் கேட்டார்:

“வேற ஏதாச்சும் போடுவான் இல்ல?”