மெலேசியோ சொன்ன ஆமென்

ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, ஸ்பெயின்காரன் பிலிப்பைன்ஸை ஆண்ட நாள்ல, ககயான் ஆத்தோரம் தலாயப்னு ஒரு ஊரு இருந்துச்சாம். வேற எது, நம்ம ஊருதான். அப்போ எங்க பாத்தாலும் புகையிலை. வெதைக்கிறது நாம, களையெடுக்கிறது நாம, புழு பொறுக்குறது நாம. எலை மட்டும் சர்க்காருக்காம்! நம்ம காட்டு எலையில ஒண்ணைச் சுருட்டி இழுத்தா சவுக்கடி. நெலமும் போயிரும். என்னய்யா நியாயம் இது? இப்போ நெனச்சாலும் எனக்கு வயிறு எரியுது.

அந்த ஊர்ல மெலேசியோன்னு ஒரு குடியானவரு. என் பாட்டனுக்குப் பாட்டன். அவருக்கு ஒரே மக, பேரு பசிலியா. தூண் மேல நிக்கிற மூங்கில் வீட்டுல மெலேசியோ சாகக் கெடக்குறாரு. மகளைக் கூப்புட்டுச் சொன்னாராம்:

"ஆயுசு பூரா வெதைச்சேன் தாயி. சர்க்கார் கடைச் சுருட்டைத்தான் காசு குடுத்து வாங்கி இழுத்தேன். நம்ம மேட்டுக்காட்டு எலை எப்படி இருக்கும்னு தெரியாமலே போறேனே."

"சும்மா இருப்பா! கீழ சர்க்கார் காவக்காரன் நிக்கிறான்."

வாய்தான் அப்படிச் சொல்லுச்சு, மனசு கேக்கல. பரண்ல காயுற எலையில ஒண்ணை உருவி, விரல்கணு அளவுக்குச் சுருட்டுனா. அப்பனுக்கு இழுக்கத் தெம்பில்ல. தானே இழுத்து அவர் வாயில ஊதலாம்னு நெனப்பு. அடுப்புல பத்த வெச்சு, அப்பன் பாய்கிட்ட வந்துட்டா. அப்போ ஏணி கிரீச்சுங்குது. யாரு? அதிகாரி! வீடு வீடா எலை பாக்க வர்ற வெள்ளைக்காரன்.

கீழ போட முடியுமா? மூங்கில் தரை, சந்து வழியா காவக்காரன் தலையில விழும். அடுப்புக்குப் போக நேரமில்ல. என்ன செஞ்சா? நெருப்பு முனையை உள்ள விட்டு, முழுச் சுருட்டையும் வாயில போட்டு மூடிக்கிட்டா.

வந்தவன் பாத்தான். பாயில கெழவன். பக்கத்துல மக, கண்ணுல தாரை தாரையா தண்ணி. நாக்கு வேகுது, அழாம என்ன செய்வா? அவனுக்கு எரக்கம் வந்துருச்சாம். அந்தப் பாழாப்போன எரக்கம்! தொப்பியைக் கழட்டுனான், முட்டி போட்டான், சாகுறவங்களுக்குச் சொல்ற செபத்தை ஆரம்பிச்சான். சின்ன செபமா அது? நீளுது, நீளுது, நீண்டுக்கிட்டே போவுது. வாயில நெருப்பு. மூச்சு விட்டா புகை.

ஒரு வழியா முடிச்சான். ஆமென் சொல்லணும். பசிலியா சொல்லல.

"ஏம்மா, ஆமென் சொல்ல மாட்டியா?"

தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அவன் எந்திரிச்சுக் கிட்ட வந்தான்.

"என்னைப் பாரு. வாயைத் தொற."

அப்போதான் பாயிலேருந்து ஒரு சத்தம். அதுவரைக்கும் பேச்சுமூச்சில்லாமக் கெடந்த மனுசன், இருந்த மூச்சையெல்லாம் கூட்டி, "ஆமென்"ன்னாரு. வீடே அதிர்ற மாதிரி. அதிகாரி மெரண்டு, சிலுவை போட்டுக்கிட்டு எறங்கிப் போயிட்டான்.

பசிலியா குனிஞ்சு அப்பன் வாயில புகையை ஊதுனா. நெஞ்சு ஏறல. போன புகை அப்படியே திரும்பி வந்துச்சு. கடைசியா சிரிச்சாருன்னு எங்கப்பா சொல்லுவாரு. நான் நம்பல. மக தப்பிக்கணும்னு, ஒரு இழுப்புக்கு வெச்சிருந்த மூச்சை அந்த ஒரு சொல்லுல செலவு பண்ணிட்டாரு. அதுக்கப்புறம் பசிலியா பேச்சு யாருக்கும் சரியா வெளங்கலையாம்.

அதான் நம்ம ஊர்ல எழவு வீட்டுப் பொம்பளைங்க நெருப்பை உள்ள வெச்சுச் சுருட்டு பிடிக்கிறது. செத்தவங்க மொகத்துல ஒரு வாய் புகை ஊதுறது. செபம் முடிஞ்சா அந்தப் பொம்பளைங்க யாரும் வாய் தொறக்க மாட்டாங்க. புதுசா வர்ற சாமியாரு கோவிச்சுக்குவாரு, "ஏன் ஆமென் சொல்லல?"ம்பாரு.

நாங்க சொல்லுவோம்: "மெலேசியோ சொல்லிட்டாரு, சாமி."